அங்க மச்ச அடையாளம்

"பத்தாவதை எடுத்துடுங்க மேடம்,
வயசைக் காட்டிக் கொடுத்துடும்" என்றாள்
சென்னையிலிருந்து பேசிய ப்ரதீக்ஷா.
என் குரலைத் தவிர எதையும் பார்த்திராதவள்.
கடைசிப் பதினைந்து வருஷம் போதுமாம்.
இரண்டு பக்கத்துக்கு மேல் யாரும் புரட்டுவதில்லையாம்.

லாரன்ஸ் ரோட்டு ஜெராக்ஸ் கடை.
நசீமா தட்டுகிறாள், நான் பின்னால் ஸ்டூலில்.
வெளியே திருப்பாதிரிப்புலியூர் பஸ்கள் ஒன்றையொன்று திட்டுகின்றன.
கர்சர் அந்த வரியின் வாலில் நின்று
கண் சிமிட்டுகிறது:
எஸ்.எஸ்.எல்.சி., மார்ச் 1989, 312/500.
"தூக்கிடவா ஆன்ட்டி?"

இரும்மா.

அறிவியல் எண்பத்தெட்டு. தெருவெல்லாம் சொன்னோம்.
ஆங்கிலம் முப்பத்தைந்து. வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டோம்.
முப்பத்துநாலு தெருவில் நிற்கும்,
முப்பத்தைந்து உள்ளே வந்து உட்காரும்.
தடுக்கி உள்ளே விழுந்தவள் நான்.
யாரும் பிடித்து வெளியே தள்ளவில்லை.

விழுப்புரத்திலோ வேலூரிலோ ஒரு ஹாலில்
மின்விசிறிக்குக் கீழே கட்டுக்கட்டாய்த்
திருத்திக்கொண்டிருந்த யாரோ ஒருவர்
என் லீவ் லெட்டரின் கடைசி வரியில்,
யுவர்ஸ் ஒபீடியன்ட்லியில்,
விழுங்கப்பட்ட ஓர் எழுத்தைப்
பார்க்காமல் விட்டிருக்கலாம்.
பார்த்தும் விட்டிருக்கலாம்.
அந்த நேரம் காபி வந்திருக்கலாம்.

அந்த ஒரு மார்க்கில் கால் வைத்துத்தான்
பிளஸ் டூ, தேவனாம்பட்டினத்தில் பி.எஸ்சி. வேதியியல்,
நடுவில் கல்யாணமும் காமாலையும் ஒரு பிள்ளையுமாய்
எந்தத் தலைப்பிலும் சேராத நாலு வருஷம்,
பிறகு சிப்காட்டில் சாயக் கம்பெனி லேப்.
இருபத்தாறு வருஷம், மூன்று ஷிப்ட்டும்.
போன சித்திரையில் மூடினார்கள்.
கேட்டில் ஒட்டிய நோட்டீஸ் ஆங்கிலத்தில் இருந்தது.
எனக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

புத்தகம் மடியில் இருக்கிறது.
தானே புயலில் பீரோவோடு நனைந்ததில்
தலைமையாசிரியை கையெழுத்து
ஊதா மேகமாய்க் கரைந்து நிற்கிறது.
அங்க மச்ச அடையாளம் என்ற இடத்தில்
கிளார்க் எழுதியதற்கு ஒன்றும் ஆகவில்லை:
இடது மணிக்கட்டில் ஒரு மச்சம்.

அந்த மச்சம் இப்போது என்னிடம் இல்லை.
இரண்டாயிரத்து மூன்று, நைட் ஷிப்ட்,
முந்தைய ஷிப்ட் சரியாக மூடாத பாட்டில்,
நைட்ரிக் அமிலம் நாலு சொட்டு.
புரதத்தை மஞ்சளாக்கும் என்று படித்திருந்தேன்.
ஆக்கியது.
பைப்பைத் திறந்து கையை நீட்டியபடி
விடியும்வரை ரீடிங்கை வலது கையால் எழுதினேன்.
இப்போது அங்கே எண்ணெய் தடவினாற்போல்
மினுங்கும் ஒரு காசளவு தோல்.
பணி அனுபவம் என்பதன் கீழ்
அதை எத்தனையாவது வரியில் போடுவார்கள்?

"தூக்கிடும்மா."

வரி போனது.
கீழே கிடந்தவையெல்லாம் ஒரு படி ஏறிக்கொண்டன.
காகிதத்தில் எனக்கு வயதே இல்லை.
"முடிஞ்சுது ஆன்ட்டி" என்றாள் நசீமா.

முடியவில்லை.
கம்பெனியின் விண்ணப்பப் பக்கத்தில்
முதல் கட்டமே பத்தாம் வகுப்பு சதவீதம்,
ஓரத்தில் சிவப்பு நட்சத்திரம்.
நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது.
இரண்டு பேரும் சிரித்தோம்.
போனில் வகுத்துப் பார்த்தாள்: அறுபத்திரண்டு புள்ளி நாலு.
"புள்ளி வைக்க விட மாட்டேங்குது.
அறுபத்துமூணுன்னு போட்டுடறேன்" என்றாள்,
என் பக்கம் திரும்பாமலே, சர்வ சாதாரணமாக.

எந்த ஹாலில், எந்த மின்விசிறிக்குக் கீழே
இதே குரலில் யார் சொன்னார்களோ.

"வேணாம்மா, ஒரிஜினல் கேப்பாங்க."
மனசில்லாமல் இரண்டைத் தட்டினாள்.

மூன்று செட் ஜெராக்ஸ், பதினெட்டு ரூபாய்.
நகலில் ஊதா மேகம் கறுத்துப் போயிருந்தது.
மச்சம் அப்படியே இருந்தது.